ஒரு கிலோ நெல்லுக்குப் போன தண்ணீர்

2024 ஜூன் மாதம் 22ஆம் திகதி, சனிக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிஷம். வானத்தில் ஒரு துண்டு மேகமும் இல்லை. கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று இன்னும் எழும்பவில்லை. ஆனால் எழும்பத்தான் போகிறது என்பது மூக்குக்குள் காய்ந்து கிடந்ததில் தெரிந்தது. வரிப்பத்தான்சேனையில் எங்கள் வயலின் தலைமாட்டில், வாய்க்காலிலிருந்து தண்ணீர் இறங்கும் இடத்தில், ஒரு பலகையை நட்டுக்கொண்டிருந்தோம்.

எங்கள் வயல் என்பது பேச்சுக்குத்தான். என் மனைவியின் வயல். மாமனார் சீதனமாக எழுதிக் கொடுத்த இரண்டு ஏக்கர். அதற்குக் கீழே ஒட்டினாற்போல் இன்னும் இரண்டு ஏக்கர் இருக்கிறது. அது மனைவியின் தம்பிக்கு, அதாவது என் மச்சானுக்கு. அவருடையதை அவரே கூலிக்கு ஆள் பிடித்துச் செய்விக்கிறார். எங்களுடையதை அந்த ஊரில் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். ஒவ்வொரு போகத்துக்கும் இருபது மூடை நெல் தருவார். நான் அரசாங்கக் கச்சேரியில் கணக்குப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். கல்முனைக்குடியிலிருந்து வயலுக்கு இருபது கிலோமீற்றருக்கு மேல். வெள்ளாமை வெட்டும் காலத்தில் மூடை எண்ணப் போவேன். மற்றபடி போனதில்லை.

பலகை கொண்டுவந்தவள் காரைதீவைச் சேர்ந்த பிள்ளை. கெம்பஸில் படிப்பிக்கிறாள். என்னோடு வேலை செய்த ஒருவரின் மகள். அந்த மனிதர்தான், நம்பி ஒரு எண்ணைக் கேட்பதென்றால் இன்னாரிடம் கேள் என்று என்னைக் காட்டி அனுப்பியிருக்கிறார். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்ததை மறைக்கத் தேவையில்லை.

"சேர், ஒரு கிலோ அரிசி எங்கட கோப்பைக்கு வாறதுக்கிடையில எவ்வளவு தண்ணி போகுது எண்டு பாக்கிறதுதான் வேலை. இதை நீர்த்தடம் எண்டு சொல்லுவம்" என்றாள்.

"தண்ணிக்கு ஏது புள்ள தடம்? அதுதானே காஞ்சி போகுதே."

"காஞ்சு போறதைத்தான் சேர் எண்ணப் போறம்."

பலகையின் நடுவில் முக்கோணமாக ஒரு வெட்டு. அதன் வழியாகத் தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு வழிகிறது என்று அளவுகோலில் பார்த்து, அவள் தந்த அட்டவணையில் தேடினால் நிமிஷத்துக்கு இத்தனை லீற்றர் என்று வரும். இதேபோல இன்னொரு பலகையை வயலின் கால்மாட்டில், தண்ணீர் வெளியேறும் வக்கடையில் நட்டோம். வக்கடை என்றால் வரம்பில் தண்ணீர் போவதற்கு வெட்டி விடும் வாய். வந்ததில் போனதைக் கழித்தால் வயல் வைத்துக்கொண்டது. அதை நெல்லின் நிறையால் பிரித்தால் கிலோவுக்கு இத்தனை லீற்றர். மூன்றாம் வகுப்புக் கணக்கு என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த எண்ணம் என்னை விடவில்லை. பார்க்கிற சாமான் எல்லாவற்றிலும் தண்ணீர் தெரிந்தது. தேயிலைத் தூளுக்கு மலையில் பெய்த மழை, சீனிக்கு எங்கோ ஒரு நாட்டின் கரும்புத் தோட்டம், இறைச்சிக்கு மாடு குடித்ததும் மாடு தின்ற புல் குடித்ததும். நான் உடுத்திருந்த சாரனின் பருத்தி எந்த ஆற்றைக் குடித்ததோ. ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து ஐந்தே நாள். குர்பான் இறைச்சி இன்னும் குளிர்ப்பெட்டியில் இருந்தது. அதைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றேன். என் மனைவி இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் தேத்தண்ணிக் கோப்பையைக் கொண்டுவந்து மேசையில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்குள்ள எத்தின லீற்றர் இரிக்கி?"

"ஏன் கேக்கிறா?"

"கனக்குது. அதான் கேட்டன்."

மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைத்தெருவில் புடவைக் கடை வைத்திருக்கிறார். என்னிலும் ஒன்பது வயது குறைவு. சத்தம் ஒன்பது மடங்கு கூட. ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ முடிந்து அவருக்கு ராத்தா வீட்டில், எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அந்த வருஷம் அவருடைய கடைசி மகளுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். சுவர் எழும்பி நின்றது. கூரை மட்டும் பாக்கி. அந்த வெயில்காலச் சிறுபோகத்து நெல்லை விற்றுக் கூரை போட்டு, செப்டெம்பரில் நிக்காஹ் என்று பேச்சு முடிந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வந்து சுவரைப் பார்த்துவிட்டு, அண்ணாந்து ஆகாயத்தையும் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

பலகை நடுவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை சாப்பிட வந்தபோது மச்சான் சொன்னார்: "திங்கக்கெழம கொழும்புக்குப் போறன் மச்சான், கண் ஒப்பரேசனுக்கு. மூணு கெழம குனியப் படாதாம், பாரம் தூக்கப் படாதாம், தூசி படப் படாதாம். எங்கட ஊர்ல இந்த மூணும் இல்லாம எப்பிடி உசிரோட இரிக்கிறது? கொழும்புலயே மகன்ட ஊட்ட நிண்டுட்டு வாறன். நீங்க இனி வயலுக்குப் போய் வரப் போறீங்களாமே? என்டதையும் ஒருக்கா எட்டிப் பாருங்க. கூரை அதுக்குள்ளதான் இரிக்கி."

பார்க்கிறேன் என்றேன். பார்த்தும் இருக்கிறேன். அதுதான் எனக்கு இன்றுவரை விளங்காத இடம்.

வாய்க்காலில் எப்போதும் தண்ணீர் வராது. சிறுபோகத்தில் எட்டு நாளைக்கு ஒரு முறை என்று வட்டவிதானை, பேச்சில் வட்டானை, திறந்து விடுவார். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் பொறுப்பு அவருடையது. ஜூன் 24ஆம் திகதி முறைக்கு நான் இரண்டு நாள் வயலில் இருந்தேன். இல்லாத நேரத்தில் குத்தகைக்காரர் அளவுகோலைப் போனில் படம் பிடித்து அனுப்பினார். முறை முடிந்ததும் வீட்டில் இருந்து கூட்டினேன். வந்த தண்ணீரைவிடப் போன தண்ணீர் கூட.

மறுபடி கூட்டினேன். கூடத்தான். ஒரு வயல், வெயிலில் காய்ந்துகொண்டு, பயிரையும் வளர்த்துக்கொண்டு, வாங்கியதைவிட அதிகமாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. முப்பத்தொரு வருஷத்தில் இப்படி ஒரு கணக்கை யாராவது கொண்டுவந்திருந்தால் அவரைக் கச்சேரிக் கந்தோருக்கு வெளியே நிற்கச் சொல்லியிருப்பேன்.

பிள்ளைக்குப் போன் எடுத்தேன். "பக்கத்து வயலில இருந்து கசிஞ்சு வந்திருக்கும் சேர். நண்டு வளையும் இருக்கும். அளவுகோல் பிழையா வாசிச்சும் இருக்கலாம். யோசிக்காதீங்க, அடுத்த முறையும் பாப்பம்" என்றாள். யோசிக்காமல் எப்படி இருப்பது? மேலே வருவது ஒரே சீராக வருகிறது. குழப்பமெல்லாம் கீழ் வக்கடையில். அங்கே வைக்கோல் அடைக்கிறது, நண்டு பலகைக்கு அடியில் மண்ணைத் தோண்டுகிறது. கந்தோரில் இருப்பு எடுக்கும் நாளில் சாமான் அறையின் ஒரு கதவை மூடிவிட்டுத்தான் எண்ணுவோம். ஒருபக்கம் வந்துகொண்டும் மறுபக்கம் போய்க்கொண்டும் இருந்தால் எந்தக் காலத்திலும் எண்ண முடியாது.

ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை காலை, கீழ்ப் பலகையைக் கழற்றி வரம்பில் வைத்துவிட்டு, வக்கடையைக் களிமண்ணாலும் வைக்கோலாலும் இறுக்கி அடைக்கச் சொன்னேன். குத்தகைக்காரர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மூடவா?"

"ஓம். வெளிய போறது பூச்சியம் எண்டு ஆக்கினா, வாறது எல்லாம் வயல் குடிச்சது. கணக்கு நேராயிரும்."

"மூடினா எனக்கு நல்லந்தான். பூக்கிற நேரம், தண்ணி நிக்கட்டும்." கொஞ்சம் யோசித்தார். "மறுகா என்னக் கேக்கப் படாது."

"ஆர் கேக்கிற?"

"ஒருத்தரும் கேக்காட்டி நல்லந்தான்" என்று சொல்லிவிட்டு மண்ணை வெட்டிப் போட்டார்.

அவர் என்ன சொல்ல வந்தார் என்று நான் கேட்கவில்லை. மச்சானுடைய வயலுக்குத் தண்ணீர் எங்கிருந்து போகிறது என்ற கேள்வி என் மனதில் வராமலும் இல்லை. அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அவருடைய வயலின் அடிமட்டத்தில், வடிச்சல் வாய்க்கால் ஓரத்தில், ஒரு சீமெந்துக் குழாய் இருப்பதை கலியாணம் முடித்த புதிதில் மூடை எண்ணப் போன ஒரு வருஷம் கண்டிருக்கிறேன். அதுதான் அவருக்குத் தண்ணீர் வருகிற வழி என்று நாற்பத்துநான்கு வருஷமாக நினைத்திருக்கிறேன். அது தண்ணீர் போகிற வழி. காணி உறுதிப் பத்திரத்தில் நான்கு எல்லையும் எனக்குப் பாடம். வடக்கே யார், தெற்கே எது என்று இப்போதும் சொல்வேன். தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று உறுதியில் எழுதியிருக்கவில்லை. மாமனார் காணியைப் பிரித்தபோது வாய்க்காலில் வாய் ஒன்றுதான். மகளின் வயல் நிறைந்து, வக்கடையால் வழிந்து, மகனின் வயலுக்குப் போக வேண்டும். அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஜூலை 2ஆம் திகதி முறை, 10ஆம் திகதி முறை, இரண்டும் நான் எதிர்பார்த்ததைவிட அழகாக வந்தன. வயல் நிறைந்ததும் மேல் வாயில் தண்ணீர் தானாகவே நின்றது. எண்கள் சிறியவை, சுத்தமானவை. பிள்ளை ஏதோ பயிற்சிக்காகப் பேராதனைக்குப் போயிருந்தாள். எண்களை மட்டும் அனுப்பினேன். வக்கடையைப் பற்றி எழுதவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று இருந்தேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் ஒரு படம் பதிலாக வந்தது.

அந்த இரண்டு முறையும் மேல் வரம்பில் நின்று மச்சானின் வயலையும் பார்த்தேன். பச்சையாகத்தான் இருந்தது. கதிர் வருகிற பயிர் தூரத்தில் இருந்து பார்க்கும்போது காய்ந்தாலும் பச்சையாகத்தான் தெரியும் என்று பிறகுதான் சொன்னார்கள்.

மச்சான் 13ஆம் திகதி திரும்பி வந்தார். 15ஆம் திகதி திங்கட்கிழமை காலை ஓட்டோ பிடித்து இரண்டு பேரும் வயலுக்குப் போனோம். டொக்டர் கொடுத்த பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கச்சான் அன்று எட்டு மணிக்கே அடிக்கத் தொடங்கிவிட்டது. வழி முழுக்கக் கூரையைப் பற்றித்தான் கதை. சீற்றா ஓடா, எந்த மரம், எந்தக் கடையில் விலைக் கழிவு கூட.

நாங்கள் வழக்கமாக நிற்கும் மேல் வரம்போடு அவர் நிற்கவில்லை. நேராகக் கீழே இறங்கிப் போனார். நான் பின்னால் போனேன். தன் வயலின் நடுவில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கண்ணாடியால இப்பிடித் தெரியுது போல, என்ன மச்சான்?"



கண்ணாடியைக் கழற்றினார். வெளிச்சம் கூசி, கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. ஒரு கதிரைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்து நசித்தார். பால் இல்லை. இன்னொன்றைப் பிடுங்கினார். பாதி பதர். குனியக் கூடாது என்று சொல்லப்பட்ட மனிதர் குனிந்து, நிலத்தின் வெடிப்புக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார்.

"வட்டானை தண்ணி விடல்லயா?" என்று கேட்டார்.

"விட்டார். ரெண்டு முறை" என்றேன். அதுவரை எனக்கு உண்மையாகவே ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அவர் மேலே ஏறி வந்து, அடைத்திருந்த வக்கடைக்கு முன்னால் நின்றார். மேல் பக்கம் நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. பக்கத்தில் கழற்றி வைத்த பலகை வெயிலில் கிடந்தது. அவர் பலகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் காலால் அந்தக் களிமண்ணை உதைத்தார். மூன்று உதையில் உடைந்தது.

தண்ணீர் சத்தத்தோடு இறங்கியது. எங்கள் இருவருக்கும் நடுவில் அது ஓடிய வேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"கணக்குக்காகத்தான் மூடின" என்றேன்.

"என்ன கணக்கு?"

சொன்னேன். வந்தது, போனது, கழித்தல், கிலோவுக்கு எத்தனை. அவர் கடைசிவரை கேட்டார். ஒரு இடத்திலும் குறுக்கே கதைக்கவில்லை. அவர் கதைக்காமல் இருந்த அரை மணித்தியாலம் எனக்கு அதற்கு முன் நினைவில்லை. திரும்பி வரும்போது ஓட்டோவில் முன்னால், சாரதிக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

அந்த வெள்ளி அவர் சாப்பிட வரவில்லை. மனைவி கறியை மூடி வைத்துக்கொண்டு மூன்று மணிவரை பார்த்திருந்தாள். "நான் ஒண்டும் கேக்கல்ல" என்று மட்டும் சொன்னாள். மறு வெள்ளியும் வரவில்லை. அதற்குப் பிறகு ஆட்டிறைச்சி வாங்கச் சொல்லவில்லை, பருப்பும் கீரையும்தான்.

ஓகஸ்ட் இரண்டாம் வாரம் இரண்டு வயலும் வெட்டி முடிந்தன. எங்கள் மேல் வயலில் ஐம்பத்துநான்கு மூடை. வழக்கமாக ஐம்பத்தெட்டு வரும். மச்சானுக்கு வழக்கமாக ஐம்பத்தாறு. அந்த முறை முப்பத்தொன்று. மூடை அறுபத்தைந்து கிலோ.

நான் கணக்கை முடிக்க இருந்தேன். பலகை வைப்பதற்கு முந்திய முறைகளை வட்டவிதானையிடம் கேட்டு மட்டாகப் போட்டேன். என் வயலுக்குக் கிலோ நெல்லுக்கு இரண்டாயிரத்து முந்நூறு லீற்றர். மச்சானின் வயலுக்கு, கிடைக்காத இரண்டு முறையைத் தள்ளிப் பார்த்தும், மூவாயிரத்து நானூறு. நெல் குறைந்ததால் எண் ஏறிவிட்டது. ஆகவே தண்ணீரை வீணாக்கிய வயல் மச்சானுடையது, சிக்கனமானது என்னுடையது என்று தாள் சொல்கிறது. தாளில் பிழை இல்லை. நான்கு தரம் பார்த்தேன்.

பிள்ளை பேராதனையிலிருந்து வந்து வீட்டுக்கு வந்தாள். நடந்ததைச் சொன்னேன். முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"சேர், வக்கடையால போற தண்ணியைக் கீழ் வயல் பாவிச்சா அது உங்கட செலவே இல்ல. ஆவியாகிப் போனதும் திரும்பி வராமப் போனதும்தான் செலவு."

"அப்ப நான் அடைச்சு வெச்ச தண்ணி ஆர்ட கணக்கு?"

"அந்தப் பதினஞ்சு நாளையும் எடுக்கேலாது சேர். இன்னொரு போகம் அளக்க வேணும்."

"வராத தண்ணியால வராமப் போன நெல்லுக்கு எத்தின லீற்றர் புள்ள?"

அடுக்களையிலிருந்து மனைவி சொன்னாள்: "அந்தப் புள்ளைக்குத் தேத்தண்ணி குடுத்துப் போட்டுக் கதைங்க. அதுக்கும் லீற்றர் போட்டுப் போடாதீங்க."

கூரை விஷயம் மனைவி மூலமாகத்தான் வந்தது. மரக்காலையில் சொல்லி வைத்த மரத்துக்குக் காசு போதாது. நிக்காஹை அடுத்த வருஷத்துக்குத் தள்ளச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் பார்த்துச் சொல்கிறோம் என்றார்களாம். அந்தப் பார்த்துச் சொல்கிறோமுக்கு அர்த்தம் எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். மனைவி இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. "வாப்பா இரிந்திருந்தா..." என்று தொடங்கி, முடிக்காமல் எழுந்து போனாள்.

அஸர் தொழுதுவிட்டு மச்சானின் கடைக்குப் போனேன். சாரன் ஒன்றை விரித்து ஒருவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். ஆள் போகும்வரை நின்றேன்.

"இருபத்தஞ்சி மூடை குறஞ்சிருக்கி" என்றேன். "என்ட வயலிலயும் நாலு குறஞ்சிது. அது கச்சானால. அப்ப ஒங்கட வயலிலயும் கச்சான் நாலு மூடை எடுத்திருக்கும். மிச்சம் இருபத்தொண்டு. அது என்ட பொறுப்பு."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கச்சான் நாலு மூடை திண்டதா? அதுக்கும் ஒரு கடுதாசி அனுப்புங்களன், மச்சான். கச்சேரி முத்திரையோட."

"மதிப்பீடாத்தான் சொல்றன்."

"அந்தப் புள்ளைட கணக்கில என்ட வெள்ளாமைதானாமே கூடக் குடிச்ச? ராத்தா செல்லுறா. தண்ணியே காணாத வெள்ளாமை எப்பிடி மச்சான் கூடக் குடிக்கும்? நோன்பு புடிச்சவனப் பாத்து வயித்துல அடிச்சிச் சாப்பிட்டாய் எண்டு செல்லுறாப் போல இரிக்கி."

"தாள் அப்பிடித்தான் செல்லுது. எனக்கும் விளங்கல்ல" என்றேன்.

அதைக் கேட்டு அவர் முகம் கொஞ்சம் மாறியது. எனக்கு விளங்கவில்லை என்று அவர் முன்னால் நான் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். விரித்த சாரனை மடிக்கத் தொடங்கினார். பெறுமதியைக் காசாகத் தருகிறேன் என்றேன்.

"காசு வேணாம். ராத்தாட மாப்பிள்ளக்கிட்ட நட்ட ஈடு வாங்கிக் கூர போட்டான் எண்டு ஊர் செல்லும். நெல்லாத் தாங்க. வாப்பாட காணி நெல்லு, மேல வெளஞ்சா என்ன, கீழ வெளஞ்சா என்ன. மூடையில பேரா எழுதியிரிக்கி?"

அப்படித்தான் முடிந்தது. குத்தகைக்காரர் எங்களுக்குத் தர வேண்டிய இருபது மூடையும் வயலிலிருந்தே நேராக மச்சானின் பெயரில் ஆலைக்குப் போயின. குறைந்த ஒன்றை நான் வாங்கிக் கொடுத்தேன். மரம் வந்தது, செப்டெம்பர் கடைசியில் கூரைக்குச் சீற் ஏறியது. மாப்பிள்ளை வீட்டார் வந்து மறுபடியும் அண்ணாந்து பார்த்தார்களாம். மச்சான் வெள்ளிக்கிழமை சாப்பிட வந்தார். வந்தவர் கோப்பையில் சோற்றை வைத்துக்கொண்டு, "இது எந்த வயல்ட நெல்லு?" என்று கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை. வீட்டு நெல் முழுவதும் போய்விட்டதால் கடையில் வாங்கிய அரிசி. பையில் ஆலையின் பெயரும் நிறையும் இருந்தன. எந்தக் குளத்துத் தண்ணீர், எந்த வக்கடையால் போனது, யார் மேலே யார் கீழே, ஒன்றும் இல்லை. நான் பையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு மனைவி அதை வாங்கிக்கொண்டு போனாள். இப்போது தினமும் அந்த அரிசியைத்தான் சாப்பிடுகிறேன். எத்தனை லீற்றர் என்று எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியவில்லை. சேர்க்கக் கூடியது ஒன்றுதான். மூடை அறுபத்தைந்து கிலோ, கிலோ தொண்ணூற்றெட்டு ரூபாப்படி இருபத்தொரு மூடை, ஆலைவரை லொறிக் கூலி மூவாயிரத்து ஐந்நூறு. மொத்தம் ஒரு லட்சத்து முப்பத்தேழாயிரத்து இருநூற்று எழுபது ரூபா.